‘போலந்து குதிரைவீரன்’: வரைந்தவர் ரெம்பிராண்டா, அவருடைய மாணவர் ட்ரோஸ்டா?

கேள்வி

வணக்கம். நியூயார்க்கில் உள்ள ஃப்ரிக் சேகரிப்பின் ‘போலந்து குதிரைவீரன்’ ஓவியம் குறித்து எனக்கு ஓர் ஐயம் உண்டு. ஹென்றி கிளே ஃப்ரிக் 1910இல் அதை 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் படைப்பாகவே வாங்கினார். ரெம்பிராண்டின் உண்மையான ஓவியங்கள் எவை என்று கண்டறிய 1968இல் தொடங்கப்பட்ட ரெம்பிராண்ட் ஆய்வுத் திட்டத்தைச் சேர்ந்த யோசுவா பிரெய்ன், 1984இல் எழுதிய ஒரு நூல் மதிப்புரையில், அது மாணவர் வில்லெம் ட்ரோஸ்டின் கைவண்ணமாக இருக்கலாம் என்று எழுதினார். அதே திட்டத்தைப் பின்னர் வழிநடத்திய எர்ன்ஸ்ட் வான் டெ வெட்டரிங்கோ, பெரும்பகுதியை ரெம்பிராண்டே வரைந்தார், நிறைவுறாத சில இடங்களை வேறொரு கை முடித்தது என்ற முடிவுக்கு வந்தார். எக்ஸ்ரே, அகச்சிவப்புப் படம், நிறமிப் பகுப்பாய்வு என இத்தனை கருவிகள் இருந்தும், ஒரே ஆய்வுத் திட்டத்தின் அறிஞர்களே ஒத்துப்போக முடியாதது ஏன்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

ஓவியத்தைப் பார்ப்பதற்கு முன் அது பிறந்த பட்டறையைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ரெம்பிராண்டின் ஆம்ஸ்டர்டாம் வீட்டில் எண்ணற்ற மாணவர்கள் இருந்தார்கள் என்றும், ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 100 கில்டர் (அக்கால டச்சு நாணயம்) கட்டணம் செலுத்தினார்கள் என்றும், அவர்களுடைய படைப்புகளை விற்றதில் மட்டும் 2,000 முதல் 2,500 கில்டர் வரை அவருக்கு வருமானம் வந்தது என்றும் அவர் காலத்து ஓவியரான யோவாகிம் வான் சாண்ட்ரார்ட் எழுதியிருக்கிறார். தொகை மிகைப்படுத்தப்பட்டதாகவே இருந்தாலும், வழக்கம் உண்மையானது. பெர்லினில் உள்ள ஒரு வரைபடத்தின் பின்புறத்தில், ஃபெர்டினாண்ட் போல் உள்ளிட்ட மாணவர்களின் படைப்புகளை விற்ற கணக்கை ரெம்பிராண்டே தம் கையால் குறித்து வைத்திருக்கிறார். மாணவர் தம் ஆசிரியரின் பாணியிலேயே வரைவதும், அது ஆசிரியரின் பெயரில் விலைபோவதும் அக்காலத்துக்கு ஏமாற்று வேலை அல்ல. ஓவியர் சங்கங்கள் ஏற்றுக்கொண்ட நடைமுறை அது.

இதற்கு மியூனிக்கில் உள்ள ‘ஈசாக்கின் பலி’ ஓவியத்தைக் காட்டிலும் தெளிவான சான்றை நான் அறியேன். 1635இல் ரெம்பிராண்ட் வரைந்த மூலம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஹெர்மிடாஜில் இருக்கிறது. மியூனிக் ஓவியம் அதைச் சில மாற்றங்களுடன் திரும்ப வரைந்தது. ‘ரெம்பிராண்ட் மாற்றி, மேல்வண்ணம் பூசினார், 1636’ என்ற பொருளில் டச்சு மொழியில் அதன்மீதே எழுதப்பட்டிருக்கிறது. அதை வரைந்தவர் யார் என்று ஒற்றைப் பெயரைக் கேட்டால் என்ன சொல்வது? 1656இல் அவர் கடனில் மூழ்கியபோது எடுக்கப்பட்ட உடைமைப் பட்டியலிலும், ரெம்பிராண்ட் திருத்தியவை என்று சில ஓவியங்கள் தனியே குறிக்கப்பட்டுள்ளன. ஆகவே ஒரே கேன்வாஸில் இரண்டு கைகள் இருக்கலாம் என்ற வான் டெ வெட்டரிங்கின் எண்ணத்தை, இரு தரப்பையும் திருப்திப்படுத்தும் சமரசம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அந்தப் பட்டறை இயங்கிய முறைக்கு அது பொருந்தியே வருகிறது.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கத்தோடு உடன்படுகிறேன். கருவிகளைப் பற்றிய பகுதிக்கு மட்டும் பதில் சொல்கிறேன், ஏனெனில் கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. 1642இன் ‘இரவுக் காவல்’ ஓவியத்திலும் அதற்குப் பின் வந்த பல கேன்வாஸ்களிலும், வண்ணத்துக்கு அடியில் குவார்ட்ஸ் மணல் கலந்த அடிப்பூச்சு இருப்பதை ஓவியப் பொருள்களை ஆராயும் அறிவியலாளர் காரின் க்ரூன் கண்டறிந்தார். ரெம்பிராண்டின் பட்டறைக்கு வெளியே அந்தப் பூச்சு காணப்படாததால், இது மிகப் பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் மாணவரும் அதே பட்டறையில், அதே அடிப்பூச்சின் மேல், அதே நிறமிகளைக் குழைத்துத்தான் வரைந்தார். மரப்பலகையின் ஆண்டு வளையங்களும் கேன்வாஸின் இழை எண்ணிக்கையும் அப்படியே: காலத்தையும் இடத்தையும் காட்டும், பிற்காலப் போலியை விலக்கும், ஆனால் பக்கத்துப் பக்கத்தில் நின்று வரைந்த இருவரைப் பிரித்துக் காட்டாது.

விதிவிலக்குகள் உண்டு. ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹவுஸில் நெடுங்காலம் ரெம்பிராண்டின் தன்னோவியமாகப் போற்றப்பட்ட, கழுத்துக் கவசம் அணிந்த இளைஞனின் படத்தில், வண்ணத்துக்கு அடியே கவனமாக இழுத்த கோடுகளை அகச்சிவப்புப் படம் வெளிப்படுத்தியது. ரெம்பிராண்ட் அவ்வாறு கோடிட்டுக்கொண்டு வரைபவர் அல்லர். அந்தக் கோடுகள் ஒரு நகலைத்தான் காட்டின. மூலம் நூரம்பர்க்கில் இருக்கிறது என்பதே இன்றைய ஏற்பு. எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. அதே அருங்காட்சியகத்தின் ‘சவுலும் தாவீதும்’ ஓவியத்தை ரெம்பிராண்டுடையது அல்ல என்று 1969இல் கலை வரலாற்றாசிரியர் ஹோர்ஸ்ட் கெர்சன் நிராகரித்தார். 19ஆம் நூற்றாண்டில் துண்டாக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் இணைக்கப்பட்டு, மேற்பூச்சுகளால் மறைந்து கிடந்த அந்தக் கேன்வாஸை எட்டு ஆண்டுகள் ஆராய்ந்து தூய்மைப்படுத்திய பிறகு, 2015இல் அது மீண்டும் ரெம்பிராண்டுக்கு அளிக்கப்பட்டது. கெர்சனின் கண் பழுதுபட்டது என்று இதற்குப் பொருளில்லை. அவர் பார்த்த பரப்பில் ரெம்பிராண்டின் வண்ணம் சரியாகத் தெரியவே இல்லை.

வினவியவர்

இருவருக்கும் நன்றி. அப்படியானால், ரெம்பிராண்டுடையது அல்ல என்று முடிவான ஓவியத்தை ட்ரோஸ்டுக்கு அளிக்க எத்தகைய சான்று வேண்டும்?

மறுமொழி 3

ட்ரோஸ்டை ஓர் ஓவியராக முதலில் அறிந்திருக்க வேண்டும். இந்த விவாதத்தில் எனக்கு மனவருத்தம் தருவது, அவர் பெயர் பெரும்பாலும் ரெம்பிராண்டிடமிருந்து கழிக்கப்பட்டவற்றை வைக்கும் இடமாகவே பயன்பட்டது என்பதுதான். அவர் 1633இல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, 1650ஐ ஒட்டி ரெம்பிராண்டிடம் பயின்று, சில ஆண்டுகளிலேயே இத்தாலிக்குச் சென்று, 1659இல் வெனிஸில் இறந்தார். இருபத்தைந்து வயதளவே வாழ்ந்த இளைஞர். அவருக்கு உறுதியாக உரியவை குறைவு என்பதாலேயே, கையொப்பமும் ஆண்டும் கொண்டவற்றிலிருந்து தொடங்கி, அங்குள்ள தூரிகைப் பழக்கங்கள் ஐயத்துக்குரிய படத்திலும் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். ரெம்பிராண்டின் தரத்துக்கு ஒரு பகுதி குறைந்து தெரிகிறது என்பது ரெம்பிராண்டை விலக்க ஒரு காரணமாகலாம். ட்ரோஸ்டைச் சேர்க்க அது காரணமே ஆகாது. பெர்லினின் ‘பொன் தலைக்கவசம் அணிந்த மனிதன்’ 1980களில் ரெம்பிராண்டின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது; அதை எந்த மாணவருக்கு அளிப்பது என்பதில் இன்றும் உடன்பாடு இல்லை. அதைப் பெயரின்றி விட்டிருப்பதை நான் நேர்மையான செயலாகவே மதிக்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல வாய்ப்பு ஒன்று பாரிஸில் இருக்கிறது. ஆசிரியரும் மாணவரும் 1654ஆம் ஆண்டிலேயே, விவிலியத்தில் தாவீது மன்னன் விரும்பிய பெண்ணான பத்சேபாளை வரைந்தார்கள். இரண்டும் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ரெம்பிராண்டின் பத்சேபாள் முழு உருவம். தாவீதின் கடிதத்தைக் கையில் வைத்தபடி தனக்குள் ஆழ்ந்திருக்கிறாள், உடலின் மேல் வண்ணம் தடித்தும் மெலிந்தும் ஏறி இறங்குகிறது. ட்ரோஸ்டின் பத்சேபாள் அரை உருவம். இருளிலிருந்து மார்பிலும் தோளிலும் ஒளி சீராக விழ, தோலின் பரப்பு மென்மையாக இழைக்கப்பட்டிருக்கிறது. இந்த மென்மையை மனத்தில் வைத்துக்கொண்டு குதிரைவீரனின் முகத்தையும், குதிரையின் தலையையும், உடையின் கீழ்ப்பகுதியையும் தனித்தனியாகப் பார்த்தால், முழுப் படத்தையும் ட்ரோஸ்டுக்கு அளிக்க எனக்கு மனம் வரவில்லை. வேறொரு கை எந்தெந்த இடங்களில் வேலை செய்தது என்பதைத்தான் இனி விவாதிக்க வேண்டும்.