லிங்க் சேர்ப்பவர்களே, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கல்லடிக்காரி:
இன்னும் மனதை அரிக்கிறது, அதுதான் எழுதுகிறேன். எங்கட மட்டக்களப்புக் கூத்து வகைகளான வடமோடி, தென்மோடி பற்றி இணையத்தில் கிடைத்ததையெல்லாம், லிங்க் சேமிக்கிற தளங்களான ரெயின்டிராப்பிலும் டீகோவிலும் எல்லாரும் பார்க்கிற மாதிரி வைத்திருக்கிறேன். படங்கள் பின்டரஸ்டில். அக்காவின் மகள் பள்ளிக்கூட ஒப்படைக்காக அம்மம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பட்டியலைத் திறந்தாள். "மத்தளத் தாளக்கட்டு" என்று நான் பெயர் போட்ட லிங்க்தான். தட்டியதும் சிவப்பும் பொன்னுமாக ஒரு சக்கரம் சுழல்கிறது, சில்லறை கொட்டுகிற சத்தம். சூதாட்டத் தளம்! அம்மம்மா, "இதென்ன புள்ள, இப்ப கூத்துக்கு இப்பிடியா அடிக்கிறாங்க?" என்று கேட்டா.

அந்தத் தளத்தின் பழைய ஆள் டொமைனை, அதாவது தளத்தின் பெயர் முகவரியை, புதுப்பிக்காமல் விட, வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். என் பட்டியலில் தலைப்பும் சின்னப் படமும் பழையபடியே நிற்கின்றன, அதுதான் கொடுமை. ஒரு தளத்தில் அழித்தால் மற்றதில் அழியாது, தெரியும்தானே. என்னிடமிருந்து எடுத்துப் போனவர்களின் பட்டியலை யார் திருத்துவது?

வாழைச்சேனை வண்டி:
பொதுவில் வைத்ததால் வந்த வினை அக்கா. நான் கட்டுரைகளைப் பிறகு படிக்கச் சேமிக்கிற பாக்கெட் செயலியில் எனக்கு மட்டும்தான் வைத்திருந்தேன். 2025 ஜூலை 8 அதையும் மூடிவிட்டார்கள். மூட முதலே என் பட்டியலைக் கோப்பாக இறக்கி எடுத்தேன், சரி. திறந்தால் தலைப்பு, முகவரி, டேக் (நான் போட்ட அடையாளச் சொல்) மட்டும்தான். கட்டுரை ஒன்றும் உள்ளே இல்லை. வாகரைப் பக்கத்துக் கண்டல் காடு பற்றிய ஒன்றைத் தேடித் தட்டினேன், "பக்கம் இல்லை" என்று வந்தது. அதைத்தான் சேமித்துவிட்டேன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

சம்மாந்துறைக் காக்கா:
தம்பி சொல்வது பிழை. பூட்டி வைப்பதென்றால் பிரவுசர் புக்மார்க் போதுமே! டெலிசியஸ் என்ற லிங்க் பகிர்கிற தளம் ஓடிய காலத்தில் அடுத்தவர் டேக்கைப் பார்த்துத்தான் நாங்கள் நல்லதைக் கண்டுபிடித்தோம். அதை 2005இல் யாஹூ வாங்கியது, கைமாறிக் கைமாறி 2017இல் பின்போர்ட் என்ற இன்னொரு லிங்க் தளத்திடம் வந்து, புதிதாக எதையும் சேர்க்க முடியாமல் உறைந்துபோனது.

என் கதை சின்னது. அடைமழை நேரம், உன்னிச்சைக் குளத்து வான்கதவு திறந்தாச்சு என்று ஒரு லிங்க் சுற்றியது. வவுணதீவில் என் கூட்டாளி வீட்டார் நெல்மூட்டைகளைக் கட்டிலுக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். செய்தி எப்போதோ வந்த பழசு.

ஆகவே கேளுங்கள். பகிர முன் திகதியைப் பாருங்கள், குறிப்பில் வருடத்தைப் போடுங்கள். பேஸ்புக்கிலிருந்து எடுத்தால் கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டிவரும் நீண்ட வாலை வெட்டுங்கள். யூடியூப்பில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள், வீடியோவின் அடையாளமே அதற்குள்தான் இருக்கும். சுருக்கிய லிங்கைச் சேமிக்கவே வேண்டாம், சுருக்கிக் கொடுத்தவன் கடையை மூடினால் உங்களுடையதும் போச்சு. கூகுள் டிரைவ் என்றால், வேறொரு பிரவுசரில் லொகின் இல்லாமல் திறந்து, பார்க்க மட்டும் விடுகிறதா, திருத்தவும் விடுகிறதா என்று பாருங்கள். ஒரே லிங்கை ஒரே நாளில் ஐந்து இடத்தில் ஒரே வசனத்தோடு கொட்டினால் ஸ்பாம் என்றுதான் நினைப்பார்கள், ரெடிட்டில் தூக்கியும் விடுவார்கள். முக்கியமானதை, இணையப் பக்கங்களின் பிரதியைக் காத்து வைக்கிற வேபேக் மெஷினில் பதிந்துவிட்டு அந்த முகவரியையும் பக்கத்தில் போடுங்கள். அப்புறம் பின்டரஸ்ட்...

கல்லடிக்காரி:
காக்கா, நான் அறிவுரை கேட்கவில்லை! ஆனாலும் வேபேக்கில் தேடினேன். தாளக்கட்டுப் பக்கம் எழுத்தோடு அப்படியே இருக்கிறது, ஒலி மட்டும் வரவில்லை. அந்த ஒலிக்கோப்பை யாராவது போனில் இறக்கி வைத்திருந்தால் தனிமடலில் சொல்லுங்கள். லிங்க் வேண்டாம், கோப்பாக அனுப்புங்கள்.