பொருள்: ஸ்கஃபோல்டுக்குச் சொல் வேண்டும், வெள்ளிக்குள்

கோவை:
வணக்கம். எலும்பு, குருத்தெலும்பு திசுப் பொறியியல் பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். ஊசிமுனையில் நிற்கும் பாலிமர் கரைசலுக்கு 15, 20 கிலோவோல்ட் கொடுத்தால் துளி கூம்பாகி, கூம்பிலிருந்து ஒரு தாரை பீறிடும். போகிற வழியிலேயே கரைப்பான் ஆவியாகி, நானோ இழையாகத் தகட்டில் படியும். இதற்கு 'மின்நூற்பு' என்று போட்டேன். படிந்த வலையைப் பற்றிக்கொண்டு செல்கள் வளர்கின்றன. அந்த ஸ்கஃபோல்டுக்குத்தான் சொல் கிடைக்கவில்லை.

தஞ்சை:
பொன்+நாடு பொன்னாடு ஆவதுபோல் மின்னூற்பு என்றே எழுதுங்கள் அம்மா. ஸ்கஃபோல்டுக்குக் கொழுகொம்பு இருக்கிறதே! பாரி முல்லைக்குத் தேரை ஏன் விட்டான்? கொள்கொம்பே கொழுகொம்பு ஆயிற்று என்பது என் கட்சி. கொளுவு, கொளுக்கி, கொண்டி...

சென்னை:
ஐயா, மின்னூற்பில் வந்த நூலை மின்னூல் என்றால் மாணவன் கிண்டிலைத் திறப்பான். அப்புறம், பாரியின் தேர் கரையவில்லை. வலையாகப் படியும் பாலிமரான பாலிகாப்ரோலாக்டோன் உடம்புக்குள் மெல்ல மெல்லச் சிதைந்து புது எலும்புக்கு இடம் விட வேண்டும். கொத்தனார் சாரம் கட்டுகிறார், வேலை முடிந்ததும் பிரிக்கிறார். சாரம் போதும்.

யாழ்ப்பாணம்:
எங்கட ஊரில் சாரம் இடுப்பில் உடுப்பது. 'எலும்புச் சாரம்' என்றால் சூப்தான் நினைவுக்கு வரும். இன்னொன்று, நீங்கள் திசு என்பதை நாங்கள் இழையம் என்போம். பக்கத்திலேயே நானோ இழையும் வந்தால் பிள்ளைகள் பாவம். நார் என்று எழுதுங்கோ. ஸ்கஃபோல்டுக்குச் சட்டகம்.

பெங்களூரு:
ஆய்வகத்திலிருந்து ஒரு வார்த்தை. சட்டகம் என்றால் விறைப்பு. தகட்டிலிருந்து உரித்தால் இது டிஷ்யூ பேப்பர் போல ஒரு வெள்ளைப் படலம், ஓரம் சுருண்டுகொள்ளும். நார் நெருக்கமாகப் படிந்துவிட்டால் செல் உள்ளே இறங்காமல் மேலேயே படர்கிறது. அதனால் உப்புத்தூளைத் தூவி நூற்று, பிறகு கழுவி எடுத்துத் துளை உண்டாக்குகிறோம். பெயர் எதுவானாலும் அந்தத் துளை தெரிந்தால் சரி.

தஞ்சை:
துளையா? அப்படியானால் சல்லடை. சல் என்ற வேர்...

கோவை:
நாளை வெள்ளி. 'செல் தாங்கு சாரம்' என்று முதலில் ஒருமுறை, பிறகு வெறும் சாரம். இழையை நார் ஆக்கிவிட்டேன். மின்னூற்பு அப்படியே. பெரும்பாலோர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

தஞ்சை:
கொழுகொம்பு பற்றி விரிவாக நாளை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணம்:
நான் ஒப்பவில்லை. கிருமி நீக்கும் பகுதியில் 'சாரத்தை 70 சதவீத எத்தனாலில் ஊற வைக்கவும்' என்று வரும். அதை இங்கே வகுப்பில் யார் வாசிப்பது?