தாத்தாவின் யூஃபோனியம்: எந்தக் காலத்தது, என்ன பெறும்?

கேள்வி:
தாத்தா பேண்டு செட்டில் வாசித்த யூஃபோனியம் (பெரிய பித்தளை ஊதுகருவி) பரணில் கிடைத்தது. பெல்லில் (விரிந்த வாய்ப்பகுதியில்) ‘பூசி அண்ட் கோ, 295 ரீஜன்ட் ஸ்ட்ரீட், லண்டன்’ என்று பொறித்திருக்கிறது. மூன்று வால்வு, நடு வால்வு இறுகிவிட்டது. பாத்திரக் கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை.

பதில்:
எடைக்குப் போட்டுவிடாதீர்கள் தம்பி. பூசியும் ஹாக்ஸ் என்ற இன்னொரு கருவி நிறுவனமும் 1930இல் இணைந்தன. ஹாக்ஸ் பெயர் இல்லையென்றால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. வால்வுகளுக்குப் பின்னால் சின்னச் சின்ன வளைகுழாய்கள் கூடுதலாக இருக்கின்றனவா? இருந்தால் அது காம்பென்சேட்டிங் வகை, பூசி நிறுவனத்தின் பிளெய்க்லி 1874இல் காப்புரிமை பெற்றது. வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது சுருதி ஏறிவிடாமல் காக்கும். மதிப்பும் கூடும்.

இன்னொரு பதில்:
சுருதியையும் பாருங்கள். பிரிட்டிஷ் பிராஸ் பேண்டுகள் 1960கள் வரை ‘ஏ’ ஸ்வரத்தைச் சுமார் 452 ஹெர்ட்ஸில் வைத்து வாசித்தன, இன்றைய அளவு 440. ட்யூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்க இழுக்கும் குழாயை) முழுக்க இழுத்தும் இன்றைய அளவுக்குச் சுருதி இறங்காவிட்டால் விலை குறையும். அப்புறம், பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். வால்வில் குறடு வைக்கவே கூடாது. அடிமூடியைக் கழற்றி எண்ணெய் விட்டு இரண்டு நாள் பொறுங்கள்.

கேட்டவர்:
பின்னால் குழாய்கள் இருக்கின்றன அண்ணா! இன்று காலை வால்வும் அசைந்தது. விற்கப்போவதில்லை.