இழை: ரசிகர் கூட்டத்திலிருந்து எடுத்த ஒலிப்பதிவு - கலைச்சொல் தேவை

சென்னையிலிருந்து:

குழும நண்பர்களுக்கு வணக்கம். நூலகவியல் மாணவர்களுக்கான ஒலி ஆவணப் பாடத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பாடம் முழுக்க ராக் கச்சேரிகளில் ரசிகர்களே எடுத்த பதிவுகளைப் பற்றியது. கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுதான் முதன்மை எடுத்துக்காட்டு. 'ஆடியன்ஸ் ரெக்கார்டிங்', 'சவுண்ட்போர்டு' என்ற இரண்டும் வரிக்கு வரி வருகின்றன. முன்னது கூட்டத்துக்குள் மைக்கைத் தூக்கிப் பிடித்து எடுப்பது. பின்னது ஒலிக்கலவை மேசையிலிருந்து கம்பி வழியே நேராக எடுப்பது.

இந்த வேறுபாடு வெறும் தொழில்நுட்பச் செய்தி இல்லை. 2005 நவம்பரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் இந்தக் குழுவின் பதிவுகளுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, ரசிகர் எடுத்தவற்றை மட்டுமே மறுபடி தரவிறக்க விட்டார்கள். மேசையில் எடுத்தவற்றைக் கேட்கலாம், இறக்க முடியாது. எனவே இரண்டு சொல்லும் ஒன்றோடொன்று குழம்பக் கூடாது. இப்போதைக்கு 'பார்வையாளர் பதிவு', 'மேசைப்பதிவு' என்று போட்டிருக்கிறேன். முதலாவது மனதுக்கு ஒட்டவில்லை. 'டேப்பர்' (கச்சேரியைப் பதிகிற ரசிகர்), 'ஜெனரேஷன்' (மூலத்திலிருந்து எத்தனையாவது நகல்), 'லீனியேஜ்' (பதிவு எவற்றின் வழியே வந்தது என்ற வரிசை) மூன்றுக்கும் சொல் வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து:

அன்புள்ள அம்மா, 'பார்வையாளர் பதிவு' என்றால் அருங்காட்சியக வாசலில் கையெழுத்து வாங்கும் நோட்டுதான் நினைவுக்கு வரும். காதால் கேட்டவர்களைப் பார்வையாளர் என்பானேன்? 'அவைப்பதிவு' என்று வையுங்கள். அவையறிதல், அவையஞ்சாமை என்று வள்ளுவர் இரண்டு அதிகாரமே வைத்திருக்கிறார். கூடியிருப்போர் என்ற பொருள் அதில் தெளிவாக நிற்கிறது. 'மேசை' போர்த்துக்கீசியர் தந்த சொல். 'பலகைப்பதிவு' என்றால் நம் சொல்லாகவே இருக்கும்.

கோவையிலிருந்து:

ஐயா, நான் கச்சேரிகளுக்கு ஒலி அமைக்கிறவன். 'பலகைப்பதிவு' என்றால் என் பையன்களுக்கு ஒன்றும் புரியாது. எங்களுக்கு அது மிக்ஸர். 'மேசை' நாலு நூற்றாண்டாக நம் வீட்டில் கிடக்கிறது, அதை ஏன் வெளியே தள்ள வேண்டும்? அப்புறம், 'அவை' என்றால் இன்றைக்குச் சட்டப்பேரவை ஞாபகம்தான் வரும். 'அரங்கப்பதிவு' என்பது என் கட்சி. அந்தக் கூடத்தின் எதிரொலி, கைதட்டல், பக்கத்துச் சீட்டுக்காரர் பேச்சு எல்லாம் சேர்ந்து வருவதுதானே அதன் அடையாளம்.

மேசையில் எடுத்ததுதான் உயர்ந்தது என்ற எண்ணமும் பாடத்தில் வந்துவிட வேண்டாம். சிறிய கூடத்தில் கிட்டாரின் ஆம்ப்ளிஃபயர் பெட்டி மேடையிலேயே அலறும். அதை மேசை வழியே கூடத்து ஒலிபெருக்கிக்குள் அதிகம் விட மாட்டோம். அன்று மேசையில் எடுத்ததைக் கேட்டால் பாடகர் குரல் காதுக்குள் நிற்கும், கிட்டார் எங்கேயோ தூரத்தில் இருக்கும். கூட்டத்தில் நல்ல இடத்தில் நின்று எடுத்த பதிவில்தான் கச்சேரி முழுசாக இருக்கும்.

தஞ்சாவூரிலிருந்து:

தம்பி சொன்ன ஒலி நுட்பம் அருமை. ஆனால் 'அரங்கம்' பொருந்தாது. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் எழுகோல் அகலம், எண்கோல் நீளம், ஒருகோல் உயரம் என்று அளவு சொல்லப்படுவது ஆடும் மேடைக்கு. அரங்கு என்றால் மேடை. அப்படியானால் அரங்கப்பதிவு மேடையிலிருந்து எடுத்ததாகிவிடும், அதாவது நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர்.

கோவையிலிருந்து:

இன்றைக்கு விளையாட்டரங்கம், கலையரங்கம் என்று முழுக் கட்டடத்தையும் சொல்கிறோமே ஐயா. மாணவர் சிலம்பைப் படித்துவிட்டா பட்டியல் போட வருவார்?

ரொறன்ரோவிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு சொல்லையும் விட்டுவிட்டு 'களவுப்பதிவு' என்பதை யோசியுங்கள். 1977 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இங்கிள்வுட்டில் ஃபாரம் என்ற கூடத்தில் லெட் செப்பெலின் ராக் குழு வாசித்ததை மைக் மில்லார்ட் என்ற ரசிகர் எப்படிப் பதிந்தார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, நாகமிச்சி 550 கேசட் கருவியை அதற்குள் ஒளித்துக் கொண்டுபோனார். அந்தப் பதிவுகளை இன்றும் உரைகல்லாக வைத்துத்தான் மற்றவற்றை மதிப்பிடுகிறார்கள். அவர் செய்தது திருட்டல்ல, மறைவு. அகத்திணையில் களவு என்பதும் பிறர் பொருளைக் கவர்வதல்ல, ஊரறியாமல் நிகழும் காதல். கள் என்ற வேரிலிருந்து வரும் கள்ளம் என்பதிலும் மறைத்தல் என்ற பொருள் உண்டு. களவு பின்பு கற்பாகும், அதாவது மணவாழ்வாகும். 1984 அக்டோபரில் பெர்க்லியில் கிரேட்ஃபுல் டெட் குழு பதிவெடுப்போருக்கென்று கலவை மேசைக்குப் பின்னால் தனி இடம் ஒதுக்கியதே, அது ஊரறிந்த மணம்தான்.

சென்னையிலிருந்து:

அண்ணா, வாசிக்க மிக நன்றாக இருக்கிறது. ஆனால் தனி இடத்தில் சீட்டு வாங்கி, ஆளுயரக் கம்பத்தில் மைக்கை ஏற்றி எடுத்ததையும் நான் இதே சொல்லால்தான் குறிக்க வேண்டும். அதற்குக் களவு என்று பெயர் வைத்தால் எடுத்தவர் மீது பழி விழும். பெரும்பாலோர் அதை விற்றதுகூட இல்லை, கேசட்டுக்குக் கேசட் மாற்றிக்கொண்டவர்கள்.

மதுரையிலிருந்து:

'டேப்பர்' பற்றி ஒன்று. 'பதிவர்' என்று எழுதிவிடாதீர்கள். இணையத்தில் அது வலைப்பதிவு எழுதுகிறவரைக் குறிக்கிறது. 'பதிவெடுப்பவர்' நீளம்தான், ஆனாலும் குழப்பமில்லை.

'தலைமுறை'க்கு மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். ஆனால் எண்ணிக்கையைப் பாடத்தில் தெளிவாகச் சொல்லுங்கள். கச்சேரியில் ஓடிய நாடா மூலம். அதிலிருந்து எடுத்த நகல்தான் முதல் தலைமுறை. நம் வழக்கப்படி மூலத்தையே முதல் தலைமுறை என்று எண்ணினால் பட்டியல் முழுக்க ஒன்று தள்ளிப்போகும். கேசட் நகலில் ஒவ்வொரு தலைமுறைக்கும் இரைச்சல் கூடும். ஒரு கருவி சற்று வேகமாக ஓடினால் சுருதியும் மாறும். 'லீனியேஜ்' என்பதற்குக் 'கால்வழி' வையுங்கள். மைக், மூல கேசட், டாட் என்ற எண்முறை ஒலிநாடா, கணினி, ஒலி இழப்பில்லாத ஃப்ளாக் கோப்பு என்று வரிசையாக எழுதுவதுதானே அது. இடையில் ஒலித்தரவு இழக்கும் எம்பி3 கோப்பு ஒன்று நுழைந்திருந்தால் சேகரிப்பவர்கள் அந்தப் பதிவைத் தொட மாட்டார்கள். அதைக் கால்வழிதான் காட்டிக்கொடுக்கும்.

தொண்ணூறு நிமிடக் கேசட்டில் நாற்பத்தைந்தாவது நிமிடத்தில் பக்கம் திருப்பும்போது பாட்டு அறுபடுமே, அதற்கும் ஒரு சொல் வேண்டும். 'திருப்பு வெட்டு' சரிவருமா?

தஞ்சாவூரிலிருந்து:

'திருப்பறுவு' இன்னும் செறிவு. அப்புறம் 'நாடா' வடக்கிலிருந்து வந்தது என்பதையும் யோசியுங்கள். 'இழை' இருக்கிறதே.

கோவையிலிருந்து:

ஐயா, இந்த மடல் தொடருக்கே இழை என்றுதானே பெயர். நாடாவை விட்டுவிடுங்கள்.

சென்னையிலிருந்து:

நாளை காலை கோப்பை அனுப்ப வேண்டும். 'அவைப்பதிவு' பக்கம் நாலைந்து பேர் வந்துவிட்டதால் அதையே போடுகிறேன். மேசைப்பதிவு, பதிவெடுப்பவர், தலைமுறை, கால்வழி, திருப்பு வெட்டு ஆகியவையும் போகின்றன. அவைப்பதிவையும் மேசைப்பதிவையும் கலந்து செய்யும் 'மேட்ரிக்ஸ்' பதிவுக்கு 'கலவைப்பதிவு' என்றால் கலவை மேசையோடு முட்டுகிறது, அதனால் 'இணைப்பதிவு'. அரங்கப்பதிவு என்பதைச் சொல்லடைவில் மாற்றுச்சொல்லாகச் சேர்க்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

கோவையிலிருந்து:

சேர்த்ததற்கு நன்றி அம்மா. நான் என் பையன்களுக்கு அரங்கப்பதிவு என்றேதான் சொல்லிக்கொடுப்பேன்.

ரொறன்ரோவிலிருந்து:

அனுமதி இல்லாமல் எடுத்தவற்றைத் தனியாகக் குறிக்கப் பாடத்தில் ஒரு சொல்லும் இல்லை. கலைஞரின் இசைவின்றி நிகழ்ச்சியைப் பதிவதற்கு எதிரான அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1994இல் வந்ததைச் சொல்லும் இடத்தில் மாணவர் என்ன எழுதுவார்? அங்கே மட்டுமாவது களவுப்பதிவு நிற்கட்டும்.