புதுப்பிப்பு: 1862 வெள்ளி ரூபாய் தகராறு முடிந்தது

முன்பு எழுதியதைப் படிக்காதவர்களுக்கு: நான் இணையத்தில் விற்ற 1862 விக்டோரியா வெள்ளி ரூபாயைப் போலி என்று சொல்லி, வாங்கியவர் பணத்தைத் திருப்பிக் கேட்டார். விற்பனைத் தளமும் தொகையை நிறுத்தி வைத்தது.

செவ்வாயன்று நாணயம் திரும்பி வந்தது. நீங்கள் சொன்னபடியே, உறையைப் பிரிக்கும் முன்பே கைப்பேசியில் காணொளி எடுக்கத் தொடங்கிவிட்டேன். தராசில் வைத்தால் 9.8 கிராம்! அந்த ரூபாயின் எடை 11.66 கிராம். புழங்கித் தேய்ந்தால் சற்றுக் குறையலாம். இரண்டு கிராமா குறையும்? நான் அனுப்பியதில் அரசியின் கிரீடத்துக்கு மேலே நகம் பட்டதுபோல ஒரு கீறல் உண்டு. தாத்தாவின் தகரப் பெட்டியில் சிறுவயது முதல் பார்த்த கீறல் அது. வந்த நாணயத்தில் அந்த இடம் மொழுமொழுவென்று இருந்தது.

அனுப்பும்போது தராசில் வைத்து எடுத்த படத்தையும் இந்தக் காணொளியையும் தளத்துக்கு அனுப்பினேன். நேற்று எனக்குச் சாதகமாக முடிவு வந்தது, பணமும் வங்கியில் ஏறிவிட்டது. இருந்தாலும் மனம் ஆறவில்லை. 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். போலி நாணயம் உறையோடு அப்படியே என்னிடம் இருக்கிறது. காவல்துறை கேட்டால் ஒப்படைப்பேன்.