ஜெனரேட்டர் பெட்டியைக் காணோம், அனுபவமுள்ளவர்கள் உதவுங்கள்

அணு மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை மதியம் வரவேண்டிய டெக்னீசியம் ஜெனரேட்டர் (ஸ்கேனுக்கு வேண்டிய கதிரியக்கப் பொருளான டெக்னீசியத்தைத் தரும் சாதனம்) இன்னும் வந்து சேரவில்லை. கூரியரில் கேட்டால் ‘டெலிவரி ஆகிவிட்டது’ என்கிறார்கள். யார் கையெழுத்து போட்டு வாங்கியது என்றால் பதில் இல்லை. உள்ளே இருப்பது மாலிப்டினம்-99 என்ற கதிரியக்கப் பொருள். அரை ஆயுள் 66 மணி நேரம்தான், தேடுவதற்குள் பாதி தேய்ந்துவிடும். ஈயக் கவசம் இருப்பதால் பெட்டி மூடியிருக்கும்வரை பெரிய பயமில்லை. யாராவது பிரித்துப் பார்த்தால்தான் வம்பு. பெட்டியில் ஒட்டிய எச்சரிக்கை லேபிளில் மேல்பாதி மஞ்சள், கதிர்வீச்சைக் காட்டும் மூவிதழ்க் குறி, கீழ்ப்பாதியில் சிவப்புக் கோடுகள். இதைக் கூடவா கவனிக்காமல் விடுவார்கள்?

கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிக்கும் அனுப்பியவர்களுக்கும் சொல்லியாயிற்று. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? பெட்டி கடைசியில் எங்கே கிடைத்தது? கிடங்கில் என்னென்ன கேட்க வேண்டும்? அப்புறம், திங்கட்கிழமை ஸ்கேனுக்கு வரும் நோயாளிகளிடம் என்ன சொன்னீர்கள்?