இரண்டாவது செர்வ் வலையில் விழுகிறது: வீடியோ போதுமா, கோச் வேண்டுமா?

பேஸ்லைன்: டென்னிஸில் என் முதல் செர்வ் பரவாயில்லை, அது தவறினால் போடும் இரண்டாவது அடிக்கடி வலையில் போய் விழுகிறது. ஃபோனில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்த்து நானே திருத்திக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். கூட ஆடுபவர்கள் கோச்சிடம் போ என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

டபுள்ஸ் அண்ணன்: கோச்சிடம்தான் போகணும் தம்பி. டென்னிஸ் வீராங்கனை சபலென்காவைப் பாருங்கள். 2022-ல் டபுள் ஃபால்ட் மேல் டபுள் ஃபால்ட், அதாவது இரண்டு செர்வும் தவறிப் புள்ளி போய்விடும். அவரிடம் இல்லாத வீடியோவா? உடல் அசைவை ஆராயும் பயோமெக்கானிக்ஸ் நிபுணர் ஒருவர் வந்து செர்வ் அசைவை மாற்றிக் கொடுத்த பிறகுதான் வழிக்கு வந்தது. 2023 ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் அவர் கையில். தவறு படத்தில் தெரிந்தாலும், அதுதான் தவறு என்று நமக்குத் தெரிய வேண்டுமே!

இடக்கை: அண்ணா, அவருடைய கோளாறு நுணுக்கமானது. வார இறுதியில் ஆடும் நம் தவறுகள் பெரியவை, கண்ணில் படுபவை. பேஸ்லைன், முதலில் கிரிப்பை, அதாவது ராக்கெட்டைப் பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். ஃபோர்ஹேண்ட் கிரிப்பிலேயே செர்வ் போட்டால், பின்னாலிருந்து மேலே வரும் ராக்கெட்டின் முகம், தட்டு ஏந்தினாற்போல் வானத்தைப் பார்க்கும். அந்த நிலையிலிருந்து பந்தைத் தள்ளலாம், நன்றாகச் சுழற்ற முடியாது. சுழற்சி இருந்தால்தான் வலைக்கு மேல் தாராளமாக உயர்த்தி அடித்தும் பந்து கட்டத்துக்குள் இறங்கும். சுத்தியலைப் பிடிப்பது போன்ற கான்டினென்டல் கிரிப்பில் ராக்கெட்டின் விளிம்பு பந்தை நோக்கிப் போகும், கடைசியில்தான் முன்கை திரும்பும். படத்தை நிறுத்திப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

நொடிக்கு 240 ஃபிரேமில் (படங்களில்) எடுங்கள். பந்து ஸ்ட்ரிங்கில் இருப்பதே சுமார் 5 மில்லி நொடி. 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 33 மில்லி நொடி ஓடிவிடும். அடி விழும் கணம் பெரும்பாலும் சிக்காது.

டபுள்ஸ் அண்ணன்: சரி, கிரிப் தெரிந்துவிட்டது. அப்புறம்? முழங்கை, மணிக்கட்டு என்று நினைத்துக்கொண்டே ஆடினால் கை விறைத்துப்போகும். அசைவுகளைக் கற்பது பற்றி ஆராயும் காப்ரியேல் வுல்ஃப் செய்த ஆய்வுகள் சொல்வதும் அதுதான்: கவனம் உடல் மேல் இருப்பதைவிட அசைவின் விளைவு மேல் இருந்தால் நன்றாகப் படியும். நல்ல கோச் மணிக்கட்டைப் பற்றிப் பேசமாட்டார், "வலைக்கு மேல் மூன்றடி உயரத்தில் போடு" என்பார்.

இடக்கை: இதை முழுதாக ஏற்கிறேன். அதனால்தான் ஆடும்போது பந்தின் உயரம் மட்டும், உட்கார்ந்த பிறகு வீடியோ என்கிறேன். இன்னொன்று, பார்ப்பதற்கு முன்பே டாஸ் (அடிப்பதற்காக மேலே எறியும் பந்து) எங்கே போனது, கை எவ்வளவு நீண்டது என்று சொல்லிவிடுங்கள். கை முழுதாக நீண்டது போல உள்ளுக்குள் தோன்றும், படத்தில் முழங்கை மடங்கியிருக்கும். தோன்றுவதற்கும் நடப்பதற்கும் உள்ள இந்த இடைவெளியைக் கோச் வாயால் எத்தனை முறை சொன்னாலும் மனம் நம்பாது. நாமே பார்க்க வேண்டும்.

பேஸ்லைன்: ஃபோனை எங்கே வைப்பது?

இடக்கை: டாஸ் இடமா வலமா என்று பார்க்கப் பின்னால். முன்னால் போகிறதா என்று பார்க்கப் பக்கவாட்டில்.

டபுள்ஸ் அண்ணன்: எடுங்கள் தம்பி, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கிரிப்பை மாற்றிய புதிதில் பந்து கண்ட இடத்துக்கும் பறக்கும். தனியாகப் பழகுபவர்கள் அப்போதுதான் பழைய கிரிப்புக்கே திரும்பிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள் வேண்டும், வீடியோ அந்த வேலையைச் செய்யாது.